மங்கிப்போன பார்கோடு: கிளாக்கமஸ் கவுண்டியின் 2022 முதல்நிலைத் தேர்தல் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2022 மே 17, செவ்வாய்க்கிழமை இரவு 8 மணி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் வாக்குப்பதிவு முடிந்த நேரம். மற்ற கவுண்டிகளின் எண்ணிக்கை வரிசையாக வர ஆரம்பித்துவிட்டது. போர்ட்லாந்துக்குத் தெற்கே இருக்கும் கிளாக்கமஸ் கவுண்டியிலிருந்து மட்டும் பெயருக்குக் கொஞ்சம் வந்து அதோடு நின்றுவிட்டது. அங்கே வாக்குச்சீட்டுகள் இருந்தன, எண்ணும் இயந்திரமும் பழுதில்லாமல் இருந்தது. ஆனால் சீட்டில் அச்சான பார்கோடு மங்கலாக இருந்ததால் பெரும்பாலான சீட்டுகளை இயந்திரத்தால் படிக்க முடியவில்லை.

தேர்தல் கோளாறு என்றாலே மோசடி, ஹேக்கிங் என்றுதான் பேச்சு போகும். இந்த நிகழ்வில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு அச்சுப் பிழை, அது கண்ணில் பட்ட நாளில் எடுத்த ஒரு முடிவு, அந்த முடிவுக்குள் இருந்த ஒரு தப்புக் கணக்கு, இவ்வளவுதான். தேர்தல் வேலையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல, பெரிய அளவில் காகிதத்தோடு மாரடிக்கும் எவருக்கும் இது பயன்படும் என்று நினைக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களை எழுதப்போவதில்லை, அவர்களின் பதவியை வைத்தே சொல்கிறேன்.

பின்னணி

முதலில் இடத்தைப் பற்றி. ஓரிகனில் 36 கவுண்டிகள். கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதை நடத்துபவர்களில் பலர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். தேர்தலை நடத்தும் கவுண்டி கிளார்க்கும் அப்படித்தான். பெயரைக் கேட்டு அலுவலக எழுத்தர் என்று நினைத்துவிட வேண்டாம், அந்தக் கவுண்டியின் முழுத் தேர்தல் பொறுப்பும் அவருடையது. மாநிலச் செயலர்தான் மாநிலத்தின் தலைமைத் தேர்தல் அதிகாரி என்றாலும், ஒரு கிளார்க்கைக் கூப்பிட்டு 'நீங்கள் ஒதுங்குங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று அவரால் எளிதில் சொல்லிவிட முடியாது. இது பின்னால் முக்கியமாகும்.

கிளாக்கமஸில் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி சுமார் 4.2 லட்சம் பேர், பதிவு பெற்ற வாக்காளர்கள் சுமார் 3 லட்சம். அப்போதைய கிளார்க் ஏறத்தாழ 20 ஆண்டுகளாக அந்தப் பதவியில் இருந்தவர்.

ஓரிகனில் வாக்குச்சாவடி கிடையாது. 1998-இல் மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டப்படி எல்லாமே தபால் வாக்குதான். தேர்தலுக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே சீட்டு வீட்டுக்கு வந்துவிடும். நிரப்பி, உறையில் போட்டு, உறையின் மேல் கையெழுத்திட்டுத் தபாலில் அனுப்பலாம், அல்லது ஊரில் வைத்திருக்கும் அதிகாரபூர்வப் பெட்டியில் போடலாம். அலுவலகத்தில் உறையின் கையெழுத்தைப் பதிவேட்டிலுள்ள கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் சீட்டை வெளியே எடுப்பார்கள்.

முதல்நிலைத் தேர்தல் என்பது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தல். நம் ஊரில் கட்சித் தலைமை பட்டியல் வெளியிடுவதோடு முடிந்துவிடும் விஷயத்தை அங்கே வாக்குப் போட்டு முடிவு செய்கிறார்கள். ஓரிகனில் பெரிய கட்சிகளின் முதல்நிலைத் தேர்தல் மூடியது. அந்தக் கட்சியில் பதிவு செய்தவருக்கு மட்டும்தான் அந்தக் கட்சியின் சீட்டு. எந்தக் கட்சியிலும் சேராதவர்களுக்குக் கட்சி சாராத பதவிகள் மட்டும் உள்ள சீட்டு போகும். அதனால் ஒரே கவுண்டிக்குள் பல வகைச் சீட்டுகள்: கட்சி வேறு, பகுதி வேறு, போட்டியிடுபவர்கள் வேறு. இது எந்த வகைச் சீட்டு என்று இயந்திரத்துக்குச் சொல்வதுதான் பார்கோடு. வாக்காளர் யார் என்பது அதில் இருக்காது. அதைப் படிக்க முடியவில்லை என்றால், எந்தக் கட்டத்தில் உள்ள குறி எந்த வேட்பாளருக்கு என்று இயந்திரத்துக்குத் தெரியாது, சீட்டை ஒதுக்கிவிடும்.

அந்த ஆண்டு எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தது மாநிலத்தின் 5-ஆவது நாடாளுமன்றத் தொகுதியை. ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே போட்டி. ஒருபக்கம் ஏழு முறை வென்று பதவியில் இருந்தவர், அதிபரின் ஆதரவும் அவருக்கு இருந்தது. எதிரே கட்சியின் முற்போக்கு அணி ஆதரித்த ஒரு வழக்கறிஞர். 2021-இல் எல்லை மாற்றி வரைந்ததில் தொகுதி மலை தாண்டி பெண்ட் நகரம் வரை நீண்டுவிட்டது. அந்தப் பக்கம் பதவியிலிருந்தவருக்குப் புதிது, கிளாக்கமஸ்தான் அவருடைய சொந்தக் களம். ஆகவே கிளாக்கமஸ் எண்ணிக்கை வராமல் இந்தப் போட்டியில் யாரும் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.

மே 3-இல் தெரியவந்தது

வந்துசேர்ந்த முதல் சீட்டுகளை மே 3 அன்று இயந்திரத்தில் ஓட்டினார்கள். கணிசமான சீட்டுகள் திரும்பி வந்தன. எடுத்துப் பார்த்தால் பார்கோட்டின் கோடுகள் கூர்மையாக இல்லாமல் ஒன்றோடொன்று கலங்கி இருந்தன. அச்சடித்தது வெளி அச்சகம். அங்கே அச்சான சீட்டுகள் தபாலில் சேர்வதற்கு முன் இந்தக் குறை யார் கண்ணிலும் படவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். வாக்காளருக்கு இந்தச் சீட்டில் எந்தக் குறையும் தெரியாது. பெயர்கள் தெளிவாக இருந்தன, கட்டங்கள் தெளிவாக இருந்தன, அவர் குறித்ததும் தெளிவாக இருந்தது. இயந்திரத்துக்கு மட்டும்தான் சிக்கல். வாக்கு என்னவென்பது காகிதத்தில் பத்திரமாக இருக்கிறது, யாராவது கண்ணால் பார்த்தால் போதும். இது பெரிய ஆறுதல். அன்று பதற்றம் குறைவாக இருந்ததற்கும் இதுவே காரணமாக இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது.

எடுத்த முடிவு, அதன் காரணம்

அன்று கையில் இருந்த வழிகள் இரண்டு. ஒன்று, எல்லாச் சீட்டுகளையும் மறுபடி அச்சடித்து மறுபடி அனுப்புவது. இன்னொன்று, இயந்திரம் படிக்காத ஒவ்வொரு சீட்டையும் நல்ல பார்கோடு உள்ள புதுச் சீட்டில் கையால் படி எடுத்து அதை எண்ணுவது. கிளார்க் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

இதை எடுத்தவுடன் குறை சொல்ல எனக்கு மனமில்லை. மே 3-க்குள் சீட்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, சிலர் வாக்களித்தும் விட்டார்கள். மறுபடி ஒரு சீட்டு அனுப்பினால் ஒரே வாக்காளரிடம் இரண்டு இருக்கும். பழையதைப் போட்டவர் புதியதையும் போட வேண்டுமா, எது எண்ணப்படும், இரண்டும் வந்தால் எதை ஒதுக்குவது என்று ஆயிரக்கணக்கான வீடுகளில் குழப்பம் கிளம்பியிருக்கும். குழம்பிப்போய் வாக்கே போடாமல் விட்டவர்களும் இருந்திருப்பார்கள், அந்த இழப்பை எந்த எண்ணிக்கையாலும் ஈடுகட்ட முடியாது. படி எடுப்பது புது ஏற்பாடும் இல்லை. காபி கொட்டிய சீட்டு, கிழிந்த சீட்டு என்று ஒவ்வொரு தேர்தலிலும் கொஞ்சம் வரும், அவற்றை இப்படித்தான் எண்ணுவார்கள்.

ஆக, வழி சரி. எத்தனை சீட்டு என்ற கணக்கில்தான் சறுக்கல். வழக்கமாக ஏதோ சில சீட்டுகளுக்குச் செய்கிற வேலையை இந்த முறை பல்லாயிரம் சீட்டுகளுக்குச் செய்ய வேண்டியிருந்தது. மே 3-ஆம் தேதி இது தெரிந்தது, கூடுதல் ஆட்களை மொத்தமாகக் கொண்டுவந்தது மே 19-இல்தான். இடையில் இரண்டு வாரத்துக்கும் மேலே.

வாக்குப்பதிவைத் தப்பாகப் படித்த இடம்

என் பார்வையில் நிகழ்வின் மையம் இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

வாக்குப்பதிவு சதவீதம் என்றால் கடைசியில் வரும் ஒரே எண்ணைத்தான் நாம் பார்ப்போம். அந்த முதல்நிலைத் தேர்தலில் மாநில அளவில் அது 40-ஐத் தொடவில்லை. அது குறைவாகத் தெரிவதற்கும் ஒரு காரணம் உண்டு. 2016 முதல் ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போதே தானாக வாக்காளராகப் பதிவாகும் முறை ஓரிகனில் இருக்கிறது. அப்படிப் பதிவான பலர் எந்தக் கட்சியையும் தேர்ந்தெடுக்காதவர்கள். முதல்நிலைத் தேர்தலில் அவர்கள் கைக்கு வரும் சீட்டில் பெரிய போட்டிகளே இருக்காது, அதனால் அப்படியே மேசையில் கிடக்கும். பதிவு கூடக் கூட சதவீதத்தின் அடிப்பகுதி பெரிதாகிறது, மேல்பகுதி அதே வேகத்தில் வளர்வதில்லை.

ஆனால் எண்ணும் அறையில் இருப்பவருக்கு அந்த ஒரே எண் போதாது. எந்த நாளில் எத்தனை வரும் என்பதுதான் அவருக்கு வேண்டியது. தபால் வாக்கில் சீட்டுகள் சீராக வராது. முதல் வாரம் சொட்டுச் சொட்டாக வரும், கடைசி இரண்டு மூன்று நாளில் வெள்ளமாகக் கொட்டும். மே 3 அன்று மேசையில் இருந்த கட்டுகளைப் பார்த்து 'இருக்கிற ஆளை வைத்துச் சமாளிக்கலாம்' என்று தோன்றினால், அது கோடைக்கால ஆற்றைப் பார்த்துப் பாலம் கட்டுவது போலத்தான்.

அந்த ஆண்டு இன்னொரு மாற்றமும் இருந்தது. அதற்கு முன்பு தேர்தல் நாள் இரவு 8 மணிக்குள் சீட்டு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும். 2021-இல் சட்டம் மாறியது. தேர்தல் நாளுக்குள் தபால் முத்திரை விழுந்திருந்தால், அடுத்த ஏழு நாளுக்குள் வந்து சேர்ந்தாலும் எண்ண வேண்டும். மாநிலம் முழுவதற்குமான தேர்தலில் அது அமலுக்கு வந்த முதல் முறை 2022 மே. ஆக மே 24 வரை, அதே மங்கிய பார்கோடுள்ள சீட்டுகள் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்த்தேன். நிமிடங்களும் மணிகளும் என் ஊகம், அங்கே அளந்தவை அல்ல. ஒரு சீட்டைப் படி எடுத்துச் சரிபார்க்க 3 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 60,000 சீட்டுகளுக்கு 1,80,000 நிமிடம், அதாவது இருவர் கொண்ட ஒரு ஜோடிக்கு 3,000 மணி நேரம். 20 ஜோடி, நாளுக்கு 10 மணி நேரம் என்றால் 15 நாள். 100 ஜோடி என்றால் 3 நாள். மே 3 அன்று ஒரு தாளின் பின்பக்கம் இந்தக் கணக்கை எழுதிப் பார்த்திருந்தால், எத்தனை பேர் வேண்டும், எந்தத் தேதியில் வேண்டும் என்று அன்றே தெரிந்திருக்கும்.

மே 17 இரவும் அதன் பிறகும்

தேர்தல் இரவில் மற்ற கவுண்டிகளின் எண்ணிக்கையில் வழக்கறிஞர் முன்னிலைக்கு வந்தார், குறிப்பாக பெண்ட் இருக்கும் டெஷூட்ஸ் கவுண்டியில். ஆனால் பதவியிலிருந்தவரின் சொந்தக் களத்து வாக்குகள் கட்டுக்கட்டாக எண்ணாமல் கிடக்கும்போது அந்த முன்னிலைக்கு என்ன மதிப்பு? அமெரிக்கா முழுக்கச் செய்தி நிறுவனங்கள் கிளாக்கமஸ் வாசலில் காத்து நின்றன. மாநிலச் செயலர் அன்று இரவே வெளிப்படையாகக் கண்டித்தார்: எண்ணிக்கை சரியாக இருக்கும் என்று நம்பிக்கை இருக்கிறது, ஆனால் இந்தத் தாமதத்தை ஏற்க முடியாது என்று.

மறுநாள்தான் பிரச்சினையின் முழு உருவம் வெளியே தெரிந்தது. அதுவரை வந்திருந்த சுமார் 90,000 சீட்டுகளில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 60,000 வரை, படிக்க முடியாதவையாக இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். வெளியிலிருந்து உதவி தருவதாகச் சொன்னவர்கள் இருந்தும் அதை ஏற்பதில் கிளார்க் வேகம் காட்டவில்லை என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. நான் முன்பே சொன்ன அதிகாரப் பிரிவு இங்கேதான் உறுத்துகிறது. மேலே இருப்பவர் கவலைப்படலாம், உதவி தரலாம், ஆனால் கதவைத் திறக்க வேண்டியவர் கிளார்க்.

மே 19, வியாழக்கிழமை, கவுண்டியின் மற்றத் துறைகளிலிருந்து சுமார் 200 ஊழியர்களைத் திரட்டி அவசரப் பயிற்சி கொடுத்தார்கள். தேர்தல் வேலையே பார்த்திராதவர்கள் பலர்.

படி எடுக்கும் வேலை எப்படி நடந்தது

125 சீட்டுகள் கொண்ட ஒவ்வொரு கட்டிலிருந்தும் குறையுள்ள சீட்டுகளைத் தனியே எடுக்க வேண்டும். ஒரு மேசையில் இருவர், ஒருவர் ஜனநாயகக் கட்சி, மற்றவர் குடியரசுக் கட்சி. பழைய சீட்டில் உள்ள குறிகளைப் புதுச் சீட்டில் ஊதா நிற மார்க்கரால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும், பிறகு சரிபார்க்க வேண்டும், அதன் பிறகுதான் இயந்திரம். இரண்டு ஷிஃப்ட் போட்டு வேலை நடந்தது.

இந்த இடத்தில் அவசரப்பட்டிருந்தால் எல்லாம் கெட்டிருக்கும். 'ஒருவரே செய்யட்டும், வேகமாக முடியும்' என்று யாராவது சொல்லியிருக்கலாம், அந்த நெருக்கடியில் அது நியாயமாகவும் பட்டிருக்கலாம். ஆனால் எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் இருவர் ஒரே சீட்டைப் பார்க்கும் ஏற்பாட்டை விடவில்லை. கூட்டாட்சித் தேர்தல் ஆவணங்களை 22 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதால், பின்னால் யாராவது சந்தேகம் கிளப்பினாலும் எடுத்துப் பார்க்கக் காகிதம் இருக்கும். 2012-இல் இதே கவுண்டியில் ஒரு தற்காலிக ஊழியர், வாக்காளர்கள் நிரப்பாமல் விட்ட கட்டங்களைத் தானே நிரப்பிப் பிடிபட்டுச் சிறை சென்ற சம்பவம் உண்டு. அந்த நினைவு உள்ள ஊரில், மார்க்கரும் கையுமாக நூற்றுக்கணக்கானவர்கள் சீட்டுகளுக்கு முன் உட்கார்வது எவ்வளவு கூச்சமான காட்சி என்று யோசித்துப் பாருங்கள். வேகத்தை விட்டுக்கொடுத்தும் அந்த இருவர் விதியைக் காப்பாற்றியது இந்த நிகழ்வில் எடுத்த மிக நல்ல முடிவு என்று நம்புகிறேன்.

முடிவு

மே 27, வெள்ளிக்கிழமை, தேர்தல் முடிந்து பத்தாவது நாள், செய்தி நிறுவனங்கள் வழக்கறிஞரின் வெற்றியை அறிவித்தன. ஏழு முறை வென்றவர் சொந்தக் கட்சிக்குள்ளேயே தோற்றார். மீதி எண்ணிக்கையும் முடிந்து, ஜூன் 13 என்ற சான்றளிப்புக் கெடுவுக்குள் கவுண்டி முடிவுகளை ஒப்படைத்தது. மங்கலான பார்கோட்டுக்காக யாருடைய வாக்கும் தள்ளப்படவில்லை.

வென்ற வழக்கறிஞர் நவம்பர் பொதுத் தேர்தலில் குடியரசுக் கட்சி வேட்பாளரிடம் தோற்றார். இந்தப் பத்து நாள் தாமதத்துக்கும் அதற்கும் முடிச்சுப் போட என்னிடம் எந்த ஆதாரமும் இல்லை, போடவும் மாட்டேன்.

அதே நவம்பரில் கிளார்க்கின் பதவியும் வாக்குக்கு வந்தது. பக்கத்துக் கவுண்டியின் தேர்தல் துறையில் வேலை பார்த்த ஒருவர் எதிர்த்து நின்று வென்றார்.

என்ன மாறியிருக்க வேண்டும்

அச்சகத்திலிருந்து வந்த சீட்டையே, அதாவது தபாலில் போகப்போகிற அதே கட்டிலிருந்து ஒவ்வொரு வகையிலும் சிலவற்றை உருவி, எண்ணும் இயந்திரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அலுவலகப் பிரின்டரில் எடுத்த மாதிரியையோ அச்சகம் அனுப்பிய கோப்பையோ சோதித்தால் போதாது, மை காகிதத்தில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை அவை காட்டாது. பத்து வருடமாக நன்றாக அச்சடித்த அச்சகம் என்பதும் இதற்குப் பதிலாகாது. வேலை மொத்தமே ஒரு பிற்பகல்தான் ஆகும், அச்சக ஒப்பந்தத்திலேயே இதற்கு ஒரு நாளை எழுதி வைத்துவிடலாம்.

அதையும் தாண்டிக் குறை நுழைந்துவிட்டது என்றால், தெரிந்த அன்றே ஆள் கணக்கு. இதுவரை எத்தனை வந்தது என்பதை வைத்துப் போடாமல், போன தேர்தல்களில் எந்த நாளில் எத்தனை வந்தது என்ற பதிவேட்டை வைத்து, கடைசி நாள் வெள்ளத்துக்குப் போட வேண்டும். முத்திரை விதி போல ஏதாவது புதிதாக வந்திருந்தால் பழைய பதிவேட்டின் மேல் இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொள்ள வேண்டும். மே 19-இல் வந்த அந்த 200 பேர் மே 10-இல் வந்திருந்தால், வந்த சீட்டுகளை அன்றன்றே படி எடுத்து முடித்திருக்கலாம். கடைசி நாட்களில் வந்தது மட்டும்தான் பாக்கி நின்றிருக்கும்.

பொதுமக்களிடம் சொல்வதிலும் ஒன்று. 'உங்கள் வாக்கு கட்டாயம் எண்ணப்படும்' என்பது உண்மை, ஆனால் பாதி உண்மை. 'தேர்தல் இரவில் எங்கள் எண்ணிக்கை வராது, இந்தந்தத் தேதியில் இவ்வளவு வரும்' என்று மே முதல் வாரத்திலேயே தேதியோடு சொல்லியிருந்தால் மே 17 இரவு ஒரு காத்திருப்பாக மட்டும் கழிந்திருக்கும்.

கடைசியாக மாநிலத்துக்கு. ஒரு கவுண்டியில் குறிப்பிட்ட சதவீதத்துக்கு மேல் சீட்டுகள் இயந்திரத்தில் ஓடவில்லை என்றால், பக்கத்துக் கவுண்டிகளிலிருந்து பயிற்சி பெற்ற ஆட்கள் தானாக வந்து சேரும்படி முன்கூட்டியே எழுதிவைத்த ஏற்பாடு வேண்டும். உதவி கேட்பதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் சுமையை, ஏற்கனவே முழங்கால் வரை தண்ணீரில் நிற்கும் ஒருவர் தலையில் வைக்கக் கூடாது. அந்த எல்லைக்கோடு 5 சதவீதமா 10 சதவீதமா என்று பேசி முடிவு செய்யலாம். கிளாக்கமஸில் அது 60-ஐத் தாண்டியிருந்தது.